மடத்துப் பெரியம்மா: ஒரு துறவறப் பெண்ணின் வரலாற்று மூலங்கள்

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் தத்தம் வமிசாவளியை எழுதி வைக்கும்பொழுது, துறவறம் பூண்ட பெண்ணின் பெயரோடு கோடு நின்றுவிடுவதைக் காணலாம். குருவானவராகிய ஆண்மகனுக்கு இக்கதி நேர்வதில்லை. அவர் பணியாற்றிய பங்குகளும் எழுப்பிய கோயில்களும் பெருமையுடன் குறிக்கப்படும். மகளுக்கோ 'மடத்திற்குப் போனவர்' என்னும் இரண்டு சொற்களே எஞ்சும். மணமும் மகப்பேறுமே பெண்ணின் வரலாறு எனக் கொண்ட பதிவுமுறையில், அவ்விரண்டையும் துறந்தவருக்கு இடமில்லாது போனமை வியப்பன்று.

எமது தந்தைவழிப் பேத்தியாரின் தமக்கையார் 1920களில் இவ்வாறு மடம் புகுந்தவர். எம் தந்தையாரும் அவர்தம் உடன்பிறந்தாரும் அவரை 'மடத்துப் பெரியம்மா' என்றே வழங்கினர். அவர் ஏன் மடம் புகுந்தார் என்ற வினாவுக்கு எமது வீட்டில் ஒரே விடைதான் இருந்தது: பெண்கள் மூவர், மூவருக்கும் சீதனம் கொடுக்க வழியில்லை, ஆகவே மூத்தவர் மடத்திற்குப் போனார். கேட்டவுடன் நம்பத் தோன்றும் விடை இது. யாழ்ப்பாணச் சமூகத்தை அறிந்த எவரும் மேற்கொண்டு வினவார். ஆயினும் நம்பத் தோன்றுவதும் நிகழ்ந்ததும் ஒன்றல்ல. எனவே இக்கூற்றினை மூலங்கொண்டு சோதித்தல் வேண்டும்.

அக்காலத்து மடம் எத்தகையது என்பதை முதலில் நினைவிற் கொள்ளல் தகும். பிரான்சின் போர்தோ நகரில் 1820ஆம் ஆண்டு நோவாய் அடிகளார் தொடங்கிய திருக்குடும்ப சபையைச் சேர்ந்த கன்னியர், 1862இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். 1920களுக்குள் கன்னியரிடம் கல்வி கற்ற தாயர் தம் புதல்வியரையும் அவர்களிடமே கற்க விடும் நிலை தோன்றிவிட்டது. கற்பிக்கும் பெண், நோயாளரைப் பேணும் பெண், ஒரு நிறுவனத்தை நடத்தும் பெண் ஆகியோரை ஒரு கிராமத்துச் சிறுமி மடத்திலேயே முதன்முதலாகக் கண்டிருப்பாள். சீதனமின்மையை மட்டும் காரணமாகக் கூறுவோர், மடம் ஓர் ஈர்ப்பாகவும் இருந்திருக்கலாம் என்பதை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இத்தகைய தேடலில் எதிர்ப்படும் முதல் இடர் பெயரே. ஞானஸ்நானப் பெயர் ஒன்று. துறவுடை பெறும்போது சூட்டப்படும் பெயர் வேறொன்று. பின்னையதை அறியாமல் சபையின் ஏட்டில் ஒருவரைக் கண்டுபிடித்தல் அரிது. பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு இரண்டையும் இணைத்துக் காட்டும் என எண்ணுவது இயல்பு. எமது பெரியம்மாவின் பதிவுக்கு எதிரே ஓரக்குறிப்பு எதுவும் இல்லை. இவ்வெறுமையை எழுத்தரின் கவனக்குறைவெனக் கொள்ளலாகாது. 1917இல் வெளியிடப்பெற்று 1918 முதல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பு, திருமணத்தையும் பெருவார்த்தைப்பாட்டையும் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திற் குறிக்குமாறு பணித்தது. பள்ளியும் மருத்துவமனையும் நடத்திய சபைகளின் சகோதரிகள் எடுத்தவையோ எளிய வார்த்தைப்பாடுகள். அவற்றைக் குறிக்கவேண்டும் என்ற கட்டளை அன்று இருக்கவில்லை. 1983ஆம் ஆண்டின் புதிய தொகுப்பே நித்திய வார்த்தைப்பாடு எதனையும் குறிக்குமாறு விதித்தது. ஆதலின் அதற்கு முற்பட்ட எத்தனையோ சகோதரிகள், பங்கின் ஏடுகளைப் பொறுத்தவரை, பிறந்து ஞானஸ்நானம் பெற்றதோடு மறைந்தவர்களே.

கடிதங்கள் பயன்படுமா எனின், அவை மிகச் சில. நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் எழுதிய நலவிசாரிப்புகள் மட்டுமே. 'மடத்திற்குப் போனபின் மனமும் கல்லாயிற்று' என்று உறவினர் குறைப்பட்டதுண்டு. அன்றைய சட்டம் மேற்றிராணியாருக்கும் பரிசுத்த பீடத்திற்கும் எழுதும் கடிதங்களை மேலதிகாரிகள் பார்வையிடலாகாது எனக் காத்தது. ஏனைய கடிதங்கள் அவர்கள் கண்பட்டே சென்றன என்பது இதனாற் பெறப்படும். பிறர் படிக்கப்போகும் கடிதத்தில் ஒருவர் தம் உள்ளத்தைத் திறந்து வைப்பாரோ?

எதிர்பாராத வகையிற் சான்று கிடைத்தது காணி உறுதியிலிருந்து. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலுமிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்த காலத்தில், நிழற்படங்களையும் கடிதங்களையும் விட்டுச்சென்ற குடும்பங்கள்கூட உறுதிகளைக் கைவிடவில்லை. எமது குடும்பத்திலும் அவ்வாறே பிழைத்தது அந்தப் பழைய தகரப்பெட்டி.

அதில் ஒரு நன்கொடை உறுதி இருந்தது. பேத்தியாரின் தாயார் இளமையிலேயே காலமானவர். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமையின் பழைய நெறிப்படி தாயின் சீதனம் பெண்மக்களைச் சேரும். அவ்வாறே அவரது தோட்டக்காணி புதல்வியர் மூவருக்கும் இறங்கியிருந்தது. மூத்தவர் தமது மூன்றிலொரு பங்கினை அடுத்த தங்கைக்கு, அதாவது எமது பேத்தியாருக்கு, நன்கொடையாக எழுதி முடித்துள்ளார். மறு ஆண்டில் எழுதப்பெற்ற பேத்தியாரின் சீதன உறுதியில் அந்தப் பங்கும் சேர்ந்திருக்கிறது.

ஆகவே மூத்தவருக்குக் காணி இல்லை என்ற கூற்று நிலைக்கவில்லை. அவரிடம் இருந்ததே தங்கையின் சீதனமாயிற்று. 'சீதனமில்லாமல் மடத்திற்குப் போனார்' என்ற கதையை வழிவழியாகச் சொல்லிவந்தது அந்தத் தங்கையின் கிளையாகிய எமது கிளையே என்பதும் இவ்விடத்து நோக்கற்பாலது. பயன்பெற்றவர் வாய்மொழியை ஏனைய மூலங்களோடு ஒப்பிடாது ஏற்கலாகாது என நாம் மன்னர்தம் சாசனங்களுக்குச் சொல்லும் விதி, வீட்டுக் கதைக்கும் பொருந்தும்.

உறுதியின் திகதி இன்னொரு சிக்கலை எழுப்புகிறது. சபையின் ஏடு தரும் துறவுடை நாளுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னதாக அது எழுதப்பட்டுள்ளது. அன்றைய திருச்சபைச் சட்டத்தின்படி நவசந்நியாசக் காலத்தில் ஒருவர் தம் உடைமையைத் துறப்பாராயின் அத்துறவு செல்லாது. மனம் மாறி வீடு திரும்புபவர் வெறுங்கையராய் நிற்கலாகாது என்பதே இவ்விதியின் கருத்து. எளிய வார்த்தைப்பாடு எடுத்த பின்னரும் உடைமை அவருக்கே உரியது. நிருவாகத்தை மட்டும் பிறரிடம் ஒப்படைப்பார். உயிரோடிருக்கையில் அதனை இலவசமாகக் கொடுத்துவிடவும் சட்டம் இடந்தரவில்லை. சுருங்கக் கூறின், திரும்பிவரும் வழியைச் சட்டம் திறந்து வைத்திருந்தது. அவ்வழி அடைபட்டதோ துறவுடை பெறுமுன்னரே.

அடைத்தவர் யார்? தம் முடிவில் ஐயமற்ற இளம்பெண் தானே அடைத்திருக்கலாம். மணம் பேசி வைத்திருந்த தங்கைக்காகத் தந்தையார் அடைப்பித்திருக்கவுங் கூடும். உறுதியில் உள்ள 'அன்பின் நிமித்தம்' என்ற தொடர் நன்கொடை உறுதிகளில் நொத்தாரிசுமார் வழமையாக எழுதுவது. அதிலிருந்து எதனையும் ஊகித்தல் பொருந்தாது.

பெண்ணைப் பலவந்தமாகத் துறவுக்கு உட்படுத்தும் வழக்கம் திருச்சபை அறியாததன்று. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் அவ்வாறு செய்வோரைச் சபித்து, பெண்ணின் மனத்தை மேற்றிராணியார் ஆராய வேண்டும் எனவும் விதித்தது. 1917ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி நவசந்நியாசத்தின் முன்னும், முதல் வார்த்தைப்பாட்டின் முன்னும், நித்திய வார்த்தைப்பாட்டின் முன்னும் என மும்முறை, மேற்றிராணியாரோ அவர் பிரதிநிதியோ அவள் வற்புறுத்தப்பட்டாளா, தான் செய்வதை அறிவாளா என்று கேட்டறிதல் வேண்டும். முதல் விடையை நான் பெரிதாக மதிக்கவில்லை. தந்தையார் வெளியே காத்திருக்க, ஓர் இளம்பெண் வேறு என்ன கூறுவாள்? மூன்றாம் விடையின் நிலைமை வேறு. முதல் வார்த்தைப்பாட்டின்பின் குறைந்தது மூன்றாண்டு கழிந்தாலன்றி நித்திய வார்த்தைப்பாடு இல்லை. வயதும் இருபத்தொன்று நிறைந்திருத்தல் வேண்டும். அதுவரை எடுத்தவை காலவரையறை உடையவை. அவை முடிவுறும் நாளில் எவர் அனுமதியும் வேண்டாது அவர் வெளியேறியிருக்கலாம். அப்பொழுது அவர் ஆசிரியை. ஊர் விட்டு ஊர் மாறிக் கற்பித்தவர். காணி இல்லாவிடினும் தொழில் கையிலிருந்தது. அவர் வெளியேறவில்லை.

வீட்டார் இரங்கிப் பேசிய அந்தப் பெண் நாற்பதாண்டுக்கு மேல் கற்பித்தார் என்பதைச் சபையின் ஏடு கூறுகிறது. எமது வமிசாவளியில் அதற்கு ஒரு வரியும் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் துறவற வாழ்வின் புதுப்பித்தல் குறித்து ஆணை வெளியிட்டதன்பின், பல சபைகளில் சகோதரிகள் தம் ஞானஸ்நானப் பெயருக்கு மீண்டனர். பெரியம்மாவும் அவ்வாறே மீண்டார். அவர் இறந்த 1974ஆம் ஆண்டின் பதிவில் அப்பெயரே காணப்படுகிறது. எமது பேத்தியாரின் சீதன உறுதியில், காணி வந்த வழியைக் கூறும் பகுதியிலும் அதே பெயர்தான் எழுதப்பட்டிருக்கிறது.