விட்டுக்கொடுக்கும் பசை

பழைய ஜெர்மன் ஆர்ச்டாப் கிதார்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் நாதத்தில் தொடங்குவார்கள். வங்கி மேஜையில் கோந்துப் புட்டியோடு காலந்தள்ளுகிறவன் என்பதாலோ என்னவோ, எனக்குப் பசைதான் முதலில் படுகிறது.

வயலினைப்போல் மேற்பலகை மேடிட்டு, எஃப் வடிவத் துளைகள் கொண்ட இக்கருவியைச் செய்தவர்களில் பலர் வயலின் தச்சர்களின் வழிவந்தவர்கள். பொஹீமியாவின் ஷேன்பாக் ஊர்க்காரர்கள். கார்ல் ஹோஃப்னர் 1887இல் பட்டறை போட்டது அங்கேதான். 1938இல் ஹிட்லர் அப்பகுதியை விழுங்கினான். 1945க்குப் பின் செக்கோஸ்லோவாக்கியா ஜெர்மன் பேசியவர்களை வெளியேற்றியது. (குற்றம் செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் ஒரே ரயில்.) அவர்களுக்கு வேலை கொடுக்கவே ஃபிரெட் வில்ஃபர் 1946இல் பவேரியாவின் எர்லாங்கனில் ஃப்ராமஸைத் தொடங்கினார். 1949 முதல் அருகிலிருந்த பூபன்ராய்ட் என்ற விவசாயக் கிராமத்தில் குடியேற்றம். ஷேன்பாக் இன்று லூபி.

ஐம்பதுகளின் கிதார் ஒன்றைச் செப்பனிட எடுப்பவன் பெரும்பாலும் முதலில் பார்ப்பது செல்லுலாய்டின் சாவை. ஓரப்பட்டை நொறுங்குகிறது, அதிலிருந்து கசியும் அமில ஆவி உலோக உறுப்புகளை அரிக்கிறது. அதைக் களையத்தான் வேண்டும். 'அசல்' என்று அதைக் கட்டிக்கொண்டு அழும் சேகரிப்பாளரின் பக்தி எனக்குப் புரிவதில்லை.

கழுத்து விஷயம் வேறு. உள்ளே முறுக்குக் கம்பி இல்லாதவை தந்திகளின் இழுப்பில் நாளடைவில் வளைந்துவிடுகின்றன. தோலைக் காய்ச்சிய பழைய பசையானால், சூடும் ஈரமும் காட்ட இணைப்பு விட்டுக்கொடுக்கும். முகமறியாத இன்னொருவன் இதைத் திறப்பான் என்று தச்சன் இடம் வைத்திருக்கிறான். ஊரையே பறிகொடுத்து வந்தவர்களும் அப்பழக்கத்தை விடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எபாக்ஸி பூசி 'நிரந்தரமாக' ஒட்டித்தருகிறவன் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்கிறான். அடுத்து வருகிறவன் கழுத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.