பெட்டியில் பயணித்த பாடத்திட்டம்

பள்ளி வயதை எட்டாத குழந்தைக்கு எதைக் கற்பிப்பது என்பதில் நாடுகள் வேறுபட்டு நிற்பதற்கு, குழந்தையின் இயல்பைப் பற்றிய கொள்கைகளைவிட, அக்கல்வி முதலில் எவருடைய பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது என்ற வரலாறே பெரிதும் காரணம் எனலாம்.

ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரெடரிக் ஃபுரோபெல் 1837-இல் துரிங்கியாவின் பிளாங்கன்பர்க்கில், விளையாட்டையே கற்றலின் வழியாகக் கொண்ட நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். கம்பளி நூலாலான ஆறு வண்ணப் பந்துகள், மரத்தாலான கோளம், கனசதுரம், உருளை, பின்னர் சிறு கட்டைகளாகப் பிரியும் கனசதுரங்கள் என வரிசைப்படுத்தி அவர் வடிவமைத்த 'கொடைகள்' எனும் விளையாட்டுப் பொருள்களே அங்குப் பாடநூலின் இடத்தைப் பெற்றன. நாத்திகத்தைப் பரப்புவதாகக் குற்றஞ்சாட்டி பிரஷ்ய அரசு 1851-இல் கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. அவருடைய உறவினர் கார்ல் ஃபுரோபெலின் எழுத்துகளை அவருடையவையாகக் கருதிய குழப்பமும் அதில் கலந்திருந்தது. தடை 1860-இல் நீங்குவதற்குள், புலம்பெயர்ந்த ஜெர்மானியர் அம்முறையை லண்டனுக்கும் அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கும் கொண்டுசேர்த்துவிட்டனர்.

பிரான்சில் தொடக்கமே வேறு. வேலைக்குச் செல்லும் ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளைக் காக்க எழுந்த புகலிட அறைகள் 1881-இல் 'தாய்மைப் பள்ளி' என்ற பெயரில் பொதுக்கல்வியின் உறுப்பாக்கப்பட்டபோது, ஒழுக்கம், மொழிப்பயிற்சி, ஓவியம் ஆகியவற்றோடு எழுத்தும் வாசிப்பும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. மழலையரைத் தொடக்கப்பள்ளி மாணவர்போல் பெஞ்சில் அமர்த்துவதை பள்ளி ஆய்வாளர் பவுலின் கெர்கோமார் நெடுங்காலம் எதிர்த்தபோதும், எளியவர் வீட்டுப் பிள்ளைக்கும் எழுத்து உரியது என்ற குடியரசின் பிடிப்பு தளரவில்லை. 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வி அங்குக் கட்டாயமாயிற்று.

ஜப்பானில், 1876-இல் டோக்கியோ மகளிர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியோடு இணைந்து தோன்றிய மழலையர் பள்ளி வசதி படைத்தோர் பிள்ளைகளையே பெரும்பாலும் ஈர்த்தது. ஃபுரோபெலின் கொடைகள் வரிசை பிசகாமல் அங்கு இறக்குமதியாக, ஆசிரியை சொன்னபடி கட்டைகளை அடுக்குவதே விளையாட்டு என்றாகி, குழந்தையின் உரிமைக்காகப் பிறந்த முறை குழந்தையைக் கட்டிப்போடும் சடங்காக மாறியது. எனினும் 1899-இல் அரசு வகுத்த விதிகள் விளையாட்டு, பாட்டு, உரையாடல், கைவேலை ஆகிய நான்கை மட்டும் குறித்தன; 1926-இல் இயற்கையைக் கவனித்தல் என்பது ஐந்தாவதாகச் சேர்ந்தது. எழுத்துப் பயிற்சி தொடக்கப்பள்ளியின் பொறுப்பாகவே விடப்பட்டது. இதற்கிடையில் டோக்கியோவின் அந்த மழலையர் பள்ளியின் பொறுப்பேற்ற குரஹாஷி சோசோ, கொடைகளைப் பெட்டிகளிலிருந்து எடுத்து ஒன்றாகக் கலந்து கூடையில் கொட்டிவைத்தார். ஃபுரோபெலை அவர் கைவிட்டார் என்பதைவிட, வரிசையிலிருந்து அவரை விடுவித்தார் என்பதே பொருந்தும். மழலையர் பள்ளிகளுக்காக 1989-இல் வெளியான வழிகாட்டியும் உடல்நலம், மனித உறவு, சுற்றுச்சூழல், மொழி, வெளிப்பாடு எனும் ஐந்து துறைகளையே வகுத்தது.

ஆயினும் இச்சுதந்திரம் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே கூரையின்கீழ் கிட்டியதில்லை. ஜப்பானில் 1947-இல் இயற்றப்பட்ட இரு சட்டங்களின்படி, மழலையர் பள்ளிகள் கல்வித்துறையின் கீழும், உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள் பகலில் தங்கும் காப்பகங்கள் நலத்துறையின் கீழும் பிரிந்தே இயங்கின. இரண்டையும் இணைக்கும் நிறுவனத்திற்குச் சட்டம் வகை செய்தது 2006-இல்தான்.