பெர்னார் என்ற வசைச்சொல்

தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில், தந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையிலிருக்கும் மித்யா, தன்னைப் பார்க்க வரும் தம்பி அல்யோஷாவிடம் ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். க்ளாட் பெர்னார். அந்த மனிதர் எழுதிய ஒரு பக்கத்தைக்கூட அவன் படித்தவனில்லை. ரகீதின் என்னும் அரைகுறைப் படிப்பாளி சொல்லக் கேட்டதுதான். மூளையில் நரம்புகள் இருக்கின்றனவாம், அவற்றுக்கு வால்கள் உண்டாம், அந்த வால்கள் துடிப்பதால்தான் நாம் சிந்திக்கிறோமாம். ஆன்மா என்று ஒன்று இதற்கெல்லாம் தேவையே இல்லையாம். கடவுளை இழக்க நேர்ந்துவிட்டதே என்ற வருத்தம் மித்யாவுக்கு. அதற்குப் பிறகு ‘பெர்னார்’ அவன் வாயில் வசைச்சொல்லாகிவிடுகிறது. தன் பக்கம் வாதாட வந்த வழக்கறிஞரையும் அவன் அப்படித்தான் ஏசுகிறான்.

அந்த நாவல் நிறைவுற்ற 1880ஆம் ஆண்டிலேயே பாரிசில் எமிலி சோலாவின் ‘சோதனை நாவல்’ நூலாக வந்தது. பெர்னார் 1865இல் வெளியிட்ட சோதனை மருத்துவ முன்னுரை நூலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டது அது. மருத்துவர் என்ற சொல் வருமிடங்களில் நாவலாசிரியர் என்று மாற்றிக்கொண்டால் பல இடங்களில் வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை என்று சோலாவே ஒப்புக்கொள்கிறார். ஒருவருக்குப் பகைவர், மற்றவருக்கு ஆசான். ஆனால் இருவரும் கண்ட பெர்னார் ஒருவரே: மனிதனைக் காரண காரியச் சங்கிலியில் பிணைத்து வைத்தவர். இலக்கியம் வழியாக அவரை அறிந்த நம்மில் பலருக்கும் இந்தப் பெர்னாரைத்தான் தெரியும்.

அந்த மனிதர் தம் கடைசி ஆண்டுகளில் விரிவுரைகளில் சொன்னதும், இறந்த பின் 1878இல் அச்சேறியதுமான கருத்தோ இந்தச் சித்திரத்தோடு ஒட்டுவதில்லை. உயர்ந்த விலங்குகள் இரண்டு சூழல்களில் வாழ்கின்றன என்றார் அவர். ஒன்று காற்றும் வெயிலும் பனியுமாகிய புறச்சூழல். மற்றொன்று, செல்கள் மூழ்கியிருக்கும் குருதியும் திசுநீருமாகிய அகச்சூழல். அகச்சூழல் மாறாதிருப்பதே உயிர் சுதந்திரமாக வாழ்வதற்கான நிபந்தனை என்பது அவர் முடிவு. மனிதனைப் பொம்மையாக்கியவர் என்று ஏசப்பட்டவர் உடலியலின் மையத்தில் சுதந்திரம் என்ற சொல்லை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சோலா அகச்சூழல் பற்றிய பகுதியைப் படிக்காமலில்லை. ஆனால் அதைச் சமூகச் சூழலுக்கு உவமையாக்கிக்கொண்டு அவர் வேறு வழியில் போய்விட்டார்.

பெர்னார் 1813இல் போழொலே பகுதியின் திராட்சைத் தோட்டக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். லியோன் நகரில் மருந்துக்கடை ஒன்றில் பயிற்சியாளராக இருந்தபோது எழுதிய சிறு நகைச்சுவை நாடகம் ஓரளவு வெற்றி பெற்றது. அந்த உற்சாகத்தில் ஐந்தங்கத் துன்பியல் நாடகம் ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு 1834இல் பாரிசுக்கு வந்தார். அதைப் படித்த விமர்சகர் சேன் மார்க் ழிரார்தேன், வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவம் படிக்கும்படி அறிவுரை சொல்லி அனுப்பினார். விமர்சகர்களால் உலகுக்கு நன்மை விளைந்த மிகச் சில நிகழ்ச்சிகளில் இது ஒன்று என்று நாம் கருதுகிறோம். (துன்பியலில் தோற்ற அதே மனிதரை 1868இல் பிரெஞ்சு இலக்கியக் கழகம் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.)

விலங்குகள் சர்க்கரையை உண்டாக்க முடியாது, தாவரங்கள் ஆக்கியதை உண்டு எரிக்க மட்டுமே முடியும் என்பது அக்காலத்து நம்பிக்கை. இறைச்சி மட்டுமே தின்ற நாயின் குருதியிலும் சர்க்கரை இருப்பதை 1848இல் பெர்னார் கண்டார். 1855இல் செய்த சோதனை அதைவிட எளிமையானது. அப்போதுதான் இறந்த விலங்கின் கல்லீரலை எடுத்து, அதன் குழாய்களுக்குள் குளிர்ந்த நீரைச் செலுத்தி, சர்க்கரையின் சுவடே இல்லாமல் போகுமளவு கழுவினார். கழுவிய கல்லீரலை அப்படியே வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் மீண்டும் சர்க்கரை. உறுப்புக்குள்ளேயே ஏதோ ஒரு சேமிப்பு கரைந்து சர்க்கரையாகிறது என்று பொருள். 1857இல் அந்தச் சேமிப்பைப் பிரித்தெடுத்து கிளைக்கோஜன் என்று பெயரிட்டார்.

நம் உடலின் ஏறத்தாழ 5 லிட்டர் குருதியில் எந்நேரமும் கரைந்திருக்கும் சர்க்கரை சுமார் 5 கிராம்தான்; ஒரு தேக்கரண்டி அளவு. விருந்துண்டாலும் பட்டினி கிடந்தாலும் அது இதையொட்டியே நிற்கிறது. அடுத்த வேளைச் சோறு எப்போது என்று தெரியாமல் ஒருவர் ஒரு நாள் முழுக்க நடக்க முடிவதும், நோன்பிருக்க முடிவதும், உணவை மறந்து ஒரு நாவலுக்குள் மூழ்க முடிவதும் இந்தத் தேக்கரண்டிக் கணக்கை யாரோ பார்த்துக்கொண்டிருப்பதால்தான். பெர்னார் சொன்ன சுதந்திரம் தத்துவச் சுதந்திரம் அல்ல, இதுதான்.

இந்த அறிவுக்கான விலை பெரிது. மயக்க மருந்து பரவலாவதற்கு முன்பே தொடங்கியது அவர் பணி. எத்தனையோ நாய்களும் முயல்களும் அவர் மேசையில் மாண்டன. ஆய்வுக்கு வழிசெய்தது மனைவி ஃபானி கொண்டுவந்த சீதனம். அந்தப் பணம் எங்கே போகிறது என்பதை அறிந்த அவர் கணவரை மன்னிக்கவேயில்லை. இருவரும் பிரிந்தனர், மகள்களும் தாயின் பக்கமே நின்றனர். பெர்னாரின் மேன்மையைப் பேசும்போது ஃபானியைக் கேலிப்பாத்திரமாக்கும் வாழ்க்கை வரலாறுகள் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை.

உடல் தன் நிலையைக் காத்துக்கொள்கிறது என்ற செய்தி பெர்னாருக்கு நூறாண்டு முன்பே தெரிந்ததுதான். 1774இல் லண்டனில் மருத்துவர் சார்லஸ் பிளாக்டனும் நண்பர்களும் கடுமையாகச் சூடாக்கப்பட்ட அறைக்குள் புகுந்து நின்றனர். குக்கின் முதல் பயணத்தில் உலகைச் சுற்றி வந்திருந்த ஜோசப் பேங்க்ஸும் சொலாண்டரும் அவர்களில் இருவர். அடுத்தடுத்த சோதனைகளில் வறண்ட காற்றின் வெப்பம் 127 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றப்பட்டது. உடன் வைத்த முட்டைகள் இறுகின, மாட்டிறைச்சி வெந்தது. மனிதர்களின் உடல்வெப்பமோ ஏறக்குறைய வழக்கம்போலவே இருந்தது. வெப்பமானியின் மீது அவர்கள் ஊதினால் பாதரசம் இறங்கியது! உடன் சென்ற நாயைக் கால் சுடாமலிருக்கக் கூடையில் வைத்திருந்தார்கள். அதுவும் நலமாக வெளியே வந்தது. வெப்பத்தை அழிக்கும் ஆற்றல் உயிருக்கு உண்டு என்று பிளாக்டன் முடிவு கட்டினார். அது விளக்கமல்ல, வியப்புக்கு இன்னொரு பெயர்தான். வியர்வை ஆவியாகிச் சருமத்தைக் குளிர்வித்தது என்று இன்று சொல்கிறோம். ஆனால் எவ்வளவு வியர்க்க வேண்டும் என்று உடலுக்கு எப்படித் தெரிந்தது?

இந்த ‘எப்படி’க்கு ஒரு நூல் முனை பெர்னாரிடமே கிடைத்தது. 1851இல் முயல் ஒன்றின் கழுத்தில் ஓடும் பரிவு நரம்பை அவர் துண்டித்தார். அந்தப் பக்கத்துக் காது குளிரும் என்று எதிர்பார்த்தார். காது சூடேறிச் சிவந்தது. குருதிக் குழாய்களைச் சுருக்கிப் பிடித்திருந்த கை விலகிவிட்டது. ஆக, அந்தக் கை எப்போதும் பிடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனனின் வாழ்நாள் முழுதும் அந்தக் கையைத் தேடுவதிலேயே கழிந்தது எனலாம். எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டே, 1896இல், ஹார்வர்ட் மருத்துவ மாணவராக இருந்த அவர், விலங்குகள் விழுங்கும் உணவு உடலுக்குள் போகும் வழியை அந்தக் கதிர்களால் பார்க்கத் தொடங்கினார். பூனைகளின் இரைப்பை அசைவதைத் திரையில் கண்டார். பூனை கலவரமடைந்தால் அசைவு நின்றுவிடும். தடவிக்கொடுத்து அமைதிப்படுத்தினால் மீண்டும் தொடங்கும். தொந்தரவு என்று ஒதுக்கியிருக்க வேண்டிய இந்தச் சிறு கவனிப்பிலிருந்துதான் அச்சமும் சினமும் உடலுக்குள் செய்யும் மாற்றங்களைப் பற்றிய அவரது 1915ஆம் ஆண்டு நூல் வளர்ந்தது. முதல் உலகப்போரில் பிரான்சுக்குச் சென்று, காயம்பட்ட வீரர்களின் உடல் தன் நிலையை இழந்து சரிவதை அருகிருந்து கண்டார்.

1926இல் அவர் ஒரு சொல்லை உருவாக்கினார்: ஹோமியோஸ்டாசிஸ். 1932இல் வந்த ‘உடலின் ஞானம்’ அதைப் பொதுவாசகரிடம் கொண்டுசேர்த்தது. அந்தச் சொல்லின் முதற்பாதி ‘ஒன்றேயான’ என்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுக்கப்பட்டதல்ல, ‘ஒத்த’ என்பதிலிருந்து எடுக்கப்பட்டது என்று அவர் விளக்கினார். பிற்பாதியும் தேங்கிக் கிடப்பதைக் குறிக்காது என்றார். இதை அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. தமிழில் நாம் எளிதாகச் ‘சமநிலை’ என்று எழுதிவிடுகிறோம். அந்தச் சொல் நம் கண்முன் கொண்டுவருவது இரு தட்டும் அசையாமல் நிற்கும் தராசை. கேனன் சொன்னது தராசு அல்ல. கம்பியின் மேல் நடப்பவன் கையிலுள்ள கழி அது. ஆடுவதை நிறுத்தினால் அவன் விழுந்துவிடுவான்.

குருதிச் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு 70 மில்லிகிராம் என்ற அளவை ஒட்டிக் குறையும்போது அட்ரீனல் சுரப்பி விழித்துக்கொள்கிறது. கல்லீரலின் கிளைக்கோஜன் கரைகிறது. அளவு ஏறியதும் சுரப்பி அடங்குகிறது. பரிவு நரம்புத் தொடர் முழுவதையும் அகற்றிய பூனைகளையும் கேனன் வளர்த்துப் பார்த்தார். ஆய்வகத்தின் கதகதப்பில் அவை நன்றாகவே வாழ்ந்தன. குளிரில் வைத்தால் மயிர் சிலிர்க்கவில்லை, வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியவில்லை. நாய் குரைத்தபோது சர்க்கரை ஏறவில்லை. வேறொருவர் வெளிச்சூழலைப் பார்த்துக்கொள்ளும் வரையில்தான் அவற்றுக்கு வாழ்வு. பெர்னாரின் வாக்கியத்திற்கு இதைவிடத் துல்லியமான உரையை நாம் அறியோம்.

அந்நூலின் பின்னுரையில் கேனன் சற்று வழிதவறுகிறார் என்பது நம் எண்ணம். பெருமந்தத்தின் நடுவில், வேலையற்றோர் வரிசைகளைப் பார்த்துக்கொண்டு எழுதியவர் அவர். சமூகமும் உடலைப்போலத் தன் சேமிப்பையும் பகிர்வையும் நெறிப்படுத்திக்கொள்ளலாகாதா என்று கேட்டார். நல்ல மனம் கேட்ட கேள்வி. ஆனால் உடலில் எந்த அளவு சரியானது என்பதில் கல்லீரலுக்கும் மூளைக்கும் வழக்கில்லை. சமூகத்தில் வழக்கே அதுதான்.

உடல் பிழையைத் திருத்திக்கொள்ளும் முறைக்குப் பொதுவான கணக்கு வேறொரு திசையிலிருந்து வந்தது. நீராவி எந்திரங்களில் வேகத்தைக் கட்டுப்படுத்திய சுழல்குண்டுகளைப் பற்றி 1868இலேயே மாக்ஸ்வெல் கட்டுரை எழுதியிருந்தார். 1927இல் பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் பிளாக், ஒலிபெருக்கச் சுற்றின் வெளியீட்டில் ஒரு பகுதியை எதிர்மறையாக உள்ளீட்டுக்கே திருப்பினால் பிழை குறையும் என்று கண்டார். எதிர்ப் பின்னூட்டம். (தமிழ் வலைப்பதிவுகள் இதே சொல்லை வாசகர் மறுமொழிக்கு எடுத்துக்கொண்டன. அங்கே அது பிழையைக் குறைத்ததா பெருக்கியதா என்பதை அனுபவப்பட்டவர்கள் சொல்லட்டும்.)

இரண்டாம் உலகப்போரில் விமான எதிர்ப்புப் பீரங்கியின் குறியைக் கணிக்கும் வேலையில் இருந்த கணிதர் நார்பர்ட் வீனரும் பொறியாளர் ஜூலியன் பிகலோவும் ஒரு சிக்கலைக் கண்டனர். திருத்தம் அளவு மீறினால் அமைப்பு குறியைத் தாண்டிப் போகிறது, திரும்பி வரும்போது மறுபக்கம் தாண்டுகிறது, ஊசலாட்டம் ஓய்வதில்லை. நரம்பு மண்டலத்தில் இப்படியொரு நோய் உண்டா என்று, கேனனோடு நெடுங்காலம் பணியாற்றிய மெக்சிக்க உடலியலாளர் அர்தூரோ ரோசன்புளூத்திடம் கேட்டார்கள். உண்டு என்றார் அவர் உடனே. சிறுமூளை பழுதுபட்டவர் தண்ணீர்க் குவளையை எடுக்கக் கை நீட்டினால் கை அப்படித்தான் இப்புறமும் அப்புறமும் வீசி ஆடும். மூவரும் 1943இல் எழுதிய கட்டுரை, நோக்கம் என்ற சொல்லை அறிவியலுக்குள் மீண்டும் அனுமதித்தது: நோக்கமுள்ள செயல் என்பது பிழையை அளந்து திருத்திக்கொள்ளும் செயல். 1948இல் வீனர் தம் நூலுக்குச் சைபர்நெடிக்ஸ் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் அது சுக்கான் பிடிப்பவன்; நம் பழஞ்சொல்லில் மீகாமன். மித்யா அஞ்சிய வாலுள்ள நரம்பு இப்போது சுக்கானைப் பிடித்திருந்தது.

மீகாமனுக்குத் திசை வேண்டும். காய்ச்சல் அதைக் காட்டுகிறது. கிருமி நுழைந்ததும் மூளையின் ஹைபோதலாமஸ் தன் இலக்கை, 37இலிருந்து 39க்கு என்று வைத்துக்கொள்வோம், உயர்த்திவிடுகிறது. உடல் 37இல்தான் இருக்கிறது. ஆனால் புதிய இலக்குக்கு அது குளிர். ஆகவே நடுக்கம், போர்வை, கைகால் சில்லிடல். இலக்கு இறங்கியதும் ‘வேர்த்துவிட்டது, இனிக் கவலையில்லை’ என்று வீட்டிலுள்ள மூத்தவர்கள் சொல்வார்கள். கட்டுப்பாடு குலைந்ததால் வருவதல்ல காய்ச்சல். வேறொரு எண்ணை நோக்கி அதே கட்டுப்பாடு கடுமையாக உழைப்பது.

உண்மையில் வளையம் அறுபடுவது முதல்வகை நீரிழிவில். சர்க்கரையை உணர்ந்து இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுகிறது. 1922 ஜனவரியில் டொரொண்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டபோது, அவனுக்குத் திரும்பக் கிடைத்தது மருந்து மட்டும்தான், வளையம் அல்ல. அன்று முதல் இந்நோயாளிகள் தாங்களே வளையமாகிவிட்டார்கள். விரலைக் குத்திப் பார்த்து, இட்லியை எண்ணி, நடக்கப்போகும் தூரத்தைக் கணித்து, இரவில் எழுந்து, மற்றவர்களுக்கு அறியாமலே நடக்கும் ஒன்றை அவர்கள் அறிந்து செய்தாக வேண்டும். ஒரு தேக்கரண்டி அளவைக் காப்பதற்கு எவ்வளவு கவனம் செலவாகிறது என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கருவியில் உணரியும் இன்சுலின் பம்பும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு இவ்வேலையின் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டன. பின்னர் மேம்பட்டவையும் வந்துவிட்டன. அந்த உணரியின் மெல்லிய இழை குருதிக்குழாய்க்குள் செல்வதில்லை. தோலுக்கடியில், செல்களுக்கிடையே உள்ள திசுநீரில்தான் அமர்கிறது. பெர்னார் அகச்சூழல் என்றாரே, அந்த நீரில். அங்கே தெரியும் அளவு குருதியின் அளவைவிடச் சில நிமிடங்கள் பிந்தியது. அதனால் பம்பு மிகையாகத் திருத்திவிடாமல், அளவு மேலும் கீழுமாக ஊசலாடாமல் பார்த்துக்கொள்வதே அதை வடிவமைக்கும் பொறியாளர்களின் முதற்கவலையாக இருக்கிறது.