சென்னை – யாழ்ப்பாணம்: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

சென்னை மீனம்பாக்கத்திற்கும் யாழ்ப்பாணம் பலாலிக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 355 கி.மீ. இரண்டும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் அமைந்தவை. எனவே விமானம் பெரும்பாலும் நேர் தெற்காகவே செல்கிறது. இந்தத் தொலைவு என்றும் மாறியதில்லை. ஆனால் இதைக் கடக்க மக்களுக்குத் தேவைப்பட்ட நேரம் பலமுறை மாறியுள்ளது.

விமானத்திற்கு முன்பு இருந்தது 'போட் மெயில்'. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், பயணிகள் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் சென்றனர். யாழ்ப்பாணம் செல்வோர் தலைமன்னாரில் ரயிலேறித் தெற்கே மதவாச்சி சந்திக்கு வந்து, மீண்டும் வடக்கே திரும்ப வேண்டும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் சென்றது. 1980களில் அதுவும் நின்றது.

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய விமானப்படையால் அமைக்கப்பட்டது. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையில் புறப்பட்டு, யாழ்ப்பாணம் வழியாகச் சென்னை சென்றது. அது டக்கோட்டா எனப்படும் டிசி-3 வகை விமானம். இரவு பகலாக நீண்ட பயணம் இவ்வாறு சில மணி நேரமாகச் சுருங்கியது.

1970களின் இறுதியில் ஏர் சிலோன் மூடப்பட்டது. 1983க்குப் பின் போர் மூண்டது. 1990இல் பலாலியைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அதே ஆண்டில் நின்ற யாழ்தேவி ரயில் 2014இல்தான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது.

இக்காலத்தில் யாழ்ப்பாணத்தவர் சென்னைக்கு வர, முதலில் எதிர்த்திசையில் தெற்கே 350 கி.மீ.க்கு மேல் தரைவழியே கட்டுநாயக்கா செல்ல வேண்டியிருந்தது. பாதை மூடப்பட்ட காலங்களில் அதுவும் இயலவில்லை. அங்கிருந்து சென்னைக்கு வான்வழியே சுமார் 650 கி.மீ. ஆக மொத்தம் ஏறத்தாழ 1,000 கி.மீ., அதாவது நேர்வழியைப் போல மூன்று மடங்கு. வானில் ஒன்றரை மணி நேரம் போதும். வீட்டிலிருந்து வீடு சேர ஒரு நாள் முழுவதும் வேண்டும். மருத்துவத்திற்கும், உறவினர் வீட்டுத் திருமணத்திற்கும், இழவுக்கும் வந்தவர்கள் கணக்கிட்டது இந்த இரண்டாவது நேரத்தைத்தான்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து சேவையைத் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் இணைந்தது.

இத்தடத்தில் பறப்பவை ஏடிஆர்-72 என்னும் விசிறி விமானங்கள். உச்ச வேகம் மணிக்கு சுமார் 500 கி.மீ. அவ்வேகத்தில் முக்கால் மணி நேரமே போதும் எனத் தோன்றலாம். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், இறங்குதல் ஆகியவற்றையும் சேர்த்து, கால அட்டவணை ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் காட்டுகிறது.

இரு நகரங்களுக்கு இடையிலான தொலைவை அளவுகோல் சொல்லிவிடும். பயண நேரத்தை அறிய, வழி திறந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.