பாட்டில் நம்மது, டேபிள் அவங்களது

இந்த எபிசோடு ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிச்சது. கொஞ்ச நாள் முன்னாடி நாலு பேரா ராமநாதபுரம் பக்கம் போயிருந்தோம். அதுல ஒருத்தன் பெங்களூர்லயே பிறந்து வளர்ந்தவன். சாயங்காலம் டாஸ்மாக் ஒட்டின ஒரு பார்ல போய் உட்கார்ந்து, "அண்ணே, ஒரு பீர்"னு ஆர்டர் பண்ணிட்டான். பரிமாறுறவர் அவனை ஒரு மாதிரி பார்த்துட்டு, "பீரை கவுண்டர்ல வாங்கிட்டு வாங்க தம்பி. இங்க ஆம்லெட், சுண்டல்தான்" அப்படின்னார். நம்மாளு எங்க பக்கம் திரும்பிக் கேட்டான்: "சரக்கு விக்காத இடத்துக்கு எதுக்குடா பார்னு பேரு?"

நமக்குப் பழகிப்போனதால இந்தக் கேள்வி வர்றதே இல்ல. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து உணவகங்கள்ல "உங்க பாட்டிலை நீங்களே கொண்டு வாங்க"னு போர்டு வெச்சிருப்பாங்க. அங்க அது ஒரு தனி உணவகக் கலாச்சாரம். நம்ம ஊர்ல போர்டே இல்லாம ஆயிரக்கணக்கான இடத்துல அதேதான் தினமும் நடக்குது. இது எப்படி வந்துச்சுங்கிறதுதான் இன்னைக்குப் பேச்சு.

முதல்ல மரத்துல இருந்து ஆரம்பிக்கலாம். சாயல்குடி, கடலாடி, உச்சிப்புளி, தங்கச்சிமடம்னு இந்தக் கடற்கரை முழுக்கப் பனைதான். பாளையைச் சீவி, கீழே கலயத்தைக் கட்டிவிட்டா சொட்டுச் சொட்டா இறங்கும். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவியிருந்தா அது பதநீர். தடவலைன்னா கள். மரம் ஒண்ணு, பாளை ஒண்ணு, ஏறுற ஆளும் ஒருத்தர்தான். வித்தியாசம் அந்தச் சுண்ணாம்பு மட்டும்தான், அது புளிக்கிறதைத் தடுக்குது.

கள்ளோட முக்கியமான குணம் என்னன்னா, அது காத்திருக்காது. காலையில இறக்கினது சாயங்காலத்துக்குள்ள நல்லாவே புளிச்சிடும், மறுநாள் காடி மாதிரி ஆயிடும். அதனால அதை வாங்கிட்டு இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோறதுங்கிற பேச்சுக்கே பெருசா இடமில்ல. இறக்குற இடம், விக்குற இடம், குடிக்கிற இடம் எல்லாம் பக்கத்துப் பக்கத்துல இருந்தாகணும். ஓலையை மடிச்சு ஒரு பட்டை புடிச்சா அதுதான் டம்ளர். குடிச்சு முடிச்சுத் தூக்கிப் போட்டா மண்ணோட மண்ணாயிடும்.

பிரிட்டிஷ்காரங்க 1886-ல் மெட்ராஸ் ஆப்காரி சட்டம் கொண்டு வந்தாங்க. கள் இறக்குற மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். அரசாங்கத்துக்கு நல்ல வருமானம். ஆனா குடிக்கிறது மட்டும் கள்ளுக்கடையிலயேதான் நடந்துச்சு. கடைக்காரர்தான் ஊத்தினார், கடைக்காரர்தான் அந்த இடத்துக்குப் பொறுப்பு.

அப்புறம் மதுவிலக்கு. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்துல ஆரம்பிச்சார். 1948-ல் மாகாணம் முழுக்க வந்துடுச்சு. அதுக்கப்புறம் நடந்ததை நம்ம பாஷையில சொல்லணும்னா, ஒரே ஸ்விட்சை ஆன், ஆஃப்னு மாத்தி மாத்தித் தட்டின கதை. 1971-ல் கலைஞர் ஆட்சி திறந்தது. 1973-ல் கள்ளுக்கடைகளையும், 1974-ல் சாராயக்கடைகளையும் அதே ஆட்சி மூடுச்சு. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி திறந்தது. 1987 ஜனவரி 1-ல் அதே எம்.ஜி.ஆர். ஆட்சி கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை போட்டுச்சு. கள்ளுக்கான அந்தத் தடைதான் இன்னைக்கும் இருக்கு. பக்கத்துல கேரளாவுல கள்ளுக்கடை உரிமத்தோட நடக்குது. இங்க சுண்ணாம்பு இல்லாத கலயம் குற்றம்.

இதுக்கு நடுவுல 1983-ல் டாஸ்மாக் பிறந்துடுச்சு. முதல்ல மொத்த விற்பனை மட்டும். சில்லறைக் கடைகள் தனியார் கையில இருந்துச்சு. 2003 நவம்பர்ல ஜெயலலிதா ஆட்சி சில்லறையையும் அரசே எடுத்துக்கிச்சு. பாட்டில்ல அடைச்ச மதுவை வெளியில விக்கிற உரிமை இப்ப டாஸ்மாக் ஒண்ணுக்குத்தான். ஸ்டார் ஹோட்டலும் கிளப்பும் தனி உரிமம் வாங்கி உள்ள பரிமாறலாம். அது வேற கணக்கு.

அப்போ கடைக்குப் பக்கத்துல இருக்கிற பார்? அதை டெண்டர்ல எடுக்கிற தனியாருக்குக் கிடைக்கிறது ரெண்டே உரிமை: தின்பண்டம் விக்கலாம், காலி பாட்டிலைச் சேகரிக்கலாம். அவ்வளவுதான். மதுவை அவர் தொட்டு விக்கக் கூடாது. அதனாலதான் நாம கவுண்டர்ல வாங்கி, நாமளே தூக்கிட்டுப் போய் உட்கார்றோம். பெங்களூர்காரன் கேட்ட கேள்விக்குச் சட்டப்படி பதில் இதுதான்.

இதே கதையைத் தலைகீழா வெச்சா ஜெர்மனியோட பவேரியா. 1812 ஜனவரியில அந்த ஊர் ராஜா மேக்ஸ் யோசஃப் ஒரு ஆணை போட்டார். பீர் காய்ச்சுறவங்க தங்களோட நிலவறைத் தோட்டத்துலயே பீர் விக்கலாம், ரொட்டி விக்கலாம், வேற சாப்பாடு மட்டும் கூடாது. காரணம், ஊருக்குள்ள விடுதி நடத்துறவங்க பொழப்பு போகக் கூடாது. ஜனங்க என்ன பண்ணாங்க? வீட்டுல இருந்து சாப்பாடு கட்டிட்டுப் போய் மரத்தடியில உட்கார்ந்தாங்க. இன்னைக்கும் மியூனிக் பீர் தோட்டங்கள்ல சொந்தச் சாப்பாட்டோட போகலாம். அங்க சாப்பாடு நம்மது, பீர் அவங்களது. இங்க பாட்டில் நம்மது, சுண்டல் அவங்களது. ரெண்டுமே யாரும் யோசிச்சு உருவாக்கின கலாச்சாரம் இல்ல. யாருக்கு எதை விக்க உரிமைங்கிற கணக்குல மிச்சம் விழுந்த பழக்கம்.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. அங்க அந்தத் தோட்டத்துக்கு ஒரு பொறுப்பாளி உண்டு. இங்க? 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு பார் டெண்டர் வழக்கு ஒண்ணு வந்தப்ப, இப்படி பார் நடத்த மதுவிலக்குச் சட்டத்துல இடமே இல்லைன்னு சொல்லி, 6 மாசத்துல மூடச் சொன்னாங்க. விஷயம் மேல்முறையீட்டுக்குப் போச்சு, பார்கள் தொடர்ந்து நடக்குது. 2023-24-ல் மது மூலமா அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல. அந்தப் பணம் பாட்டில் கவுண்டரைத் தாண்டுறதுக்குள்ள வந்து சேர்ந்துடுது. அதுக்கப்புறம் அந்தப் பாட்டில் எங்க திறக்கப்படுது, எங்க உடையுதுங்கிறது யார் கணக்குலயும் இல்ல.

அது எங்க உடையுதுன்னு மறுநாள் காலையில பார்த்தேன். கடற்கரையில கரைவலை இழுத்துட்டு இருந்தாங்க. வயசானவங்க, பெண்கள், பத்து இருபது பேர் ரெண்டு பக்கமும் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, மணல்ல காலை ஊன்றிப் பின்னாடியே நடக்கணும். யார் கால்லயும் செருப்பு இல்ல. அந்த மணல்ல பச்சையும் பழுப்புமா கண்ணாடிச் சில்லு. ஒரு அம்மா குனிஞ்சு ஒரு துண்டை எடுத்து, தள்ளிக் கிடந்த ஒரு பழைய பெயின்ட் டப்பாவுல போட்டுட்டு மறுபடி கயித்தைப் பிடிச்சாங்க. டப்பா பாதி நிறைஞ்சிருந்துச்சு. முந்தின நாள் ராத்திரி பார்ல இடம் இல்லைன்னு நாங்களும் ரெண்டு பாட்டிலைக் கடற்கரைக்குத்தான் எடுத்துட்டுப் போனோம். காலி பாட்டிலைத் திரும்ப எடுத்துட்டு வந்தோமான்னு எங்க நாலு பேர்ல யாருக்குமே ஞாபகம் இல்ல.

இதுக்குத் தீர்வே இல்லாம இல்ல. 2022-ல் உயர் நீதிமன்றம் சொன்னதால நீலகிரியில ஒரு திட்டம் தொடங்குச்சு. பாட்டிலுக்குக் கூட 10 ரூபாய் வாங்குவாங்க, காலி பாட்டிலைக் கொடுத்தா அந்தப் பணத்தைத் திருப்பித் தருவாங்க. காட்டுல உடைஞ்ச பாட்டில் யானைங்க காலைக் கிழிக்குதுங்கிற கவலையில வந்தது. அப்புறம் வேற மாவட்டங்களுக்கும் விரிஞ்சுது. யானைக்கு வலிக்கும்னு தோணின அதே யோசனை, கரைவலை இழுக்கிற காலுக்கும் பொருந்தும்.

கள் நல்லது, டாஸ்மாக் கெட்டதுன்னு சொல்ல நான் வரல. கள்ளுக்கடை வாசல்ல அழிஞ்ச குடும்பங்களும் இருக்கு, அந்த வலியில இருந்துதான் மதுவிலக்கே வந்துச்சு. நான் சொல்ல வர்றது சின்ன விஷயம். எடுத்துட்டுப் போக முடியாத குடியைத் தடை பண்ணிட்டு, எங்க வேணும்னாலும் எடுத்துட்டுப் போற குடியைக் கையில கொடுத்திருக்கோம். பாட்டில் நம்மதுன்னா, உடைஞ்ச சில்லும் நம்மதுதான். அடுத்த தடவை கடற்கரைக்குப் போனா பையில ஒரு காலி இடம் விட்டுட்டுப் போங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.