அவலான் கிராமத்து ஜான் ஹர்ட்

ஒரு பாட்டில் வந்த ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, 34 ஆண்டுகளாக யாரும் கேள்விப்படாத ஒரு பாடகரைத் தேடிக் கண்டுபிடித்த கதை இது. அவர் பெயர் ஜான் ஹர்ட். இசை உலகம் அவரை மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்று அறியும்.

ப்ளூஸ் என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்களின் பாட்டு. அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்த பிறகும், அந்த மக்களில் பெரும்பாலோர் வெள்ளையர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி விளைவித்துக் கடனிலேயே காலம் தள்ளினார்கள். அந்த வாழ்க்கையிலிருந்து வந்த பாட்டு அது. மிசிசிப்பி மாநிலத்தின் கேரல் கவுண்டி வட்டாரத்தில் 1890-களின் தொடக்கத்தில் பிறந்த ஹர்ட், அவலான் என்ற சின்னஞ்சிறு கிராமத்தில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. ஒன்பது வயது வாக்கில் தாயார் ஒரு பழைய கித்தார் வாங்கிக் கொடுத்தார். குருவென்று யாரும் கிடையாது. தானே வாசித்துப் பழகிக்கொண்டார்.

அவர் வாசிப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. கட்டைவிரல் கீழ்த் தந்திகளில் கடிகாரம் போலத் தாளம் தவறாமல் நடந்துகொண்டிருக்கும். மற்ற விரல்கள் மேல் தந்திகளில் பாட்டின் மெட்டை வாசிக்கும். கேட்பவருக்கு இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். குரலும் மென்மையானது. பக்கத்து நகரமான கிரீன்வுட்டைச் சுற்றியுள்ள டெல்டாச் சமவெளியில் கதறலும் உறுமலுமாகப் பாடிய பாடகர்கள் பலர். ஹர்ட்டோ திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வது போலப் பாடினார். பகலில் வயல் வேலை, வார இறுதியில் ஊர் நடன விருந்துகளில் வாசிப்பு என்று நாட்கள் போயின.

அதே ஊர்ப்பக்கத்தில் வில்லி நார்மர் என்ற வெள்ளையர் பிடில் வாசித்து வந்தார். அவருக்குத் துணையாகச் சில சமயம் ஹர்ட் கித்தார் வாசிப்பதுண்டு. நிறவெறி கோலோச்சிய மாநிலத்தில் இது கவனிக்க வேண்டிய விஷயம். நார்மருக்கு ஓகே இசைத்தட்டுக் கம்பெனியில் பதிவு செய்யும் வாய்ப்பு வந்தபோது, கம்பெனி அதிகாரி டாமி ராக்வெல்லிடம் ஹர்ட்டைப் பற்றிச் சொன்னார். அதன் பலனாக 1928 பிப்ரவரியில் மெம்ஃபிஸ் நகரில் எட்டுப் பாடல்கள் பதிவாயின. வெளிவந்தவை இரண்டே இரண்டு. அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க்குக்கு வரவழைத்து மேலும் சில பாடல்களைப் பதிவு செய்தார்கள். பெயருக்கு முன்னால் ‘மிசிசிப்பி’ என்று ஒட்டியது கம்பெனிதான், விற்பனைக்காக.

பனிக்காலத்து நியூயார்க்கில் அந்தக் கிராமத்து மனிதருக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது. அந்த ஏக்கத்தில் ‘அவலான் ப்ளூஸ்’ என்று ஒரு பாட்டுக் கட்டினார். அதையும் பதிவு செய்தார்கள். பாட்டுக்குள் தன் ஊரின் பெயரைச் சொல்லியிருந்தார்.

இசைத்தட்டுகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. மறு வருடமே, 1929-இல், பங்குச்சந்தை சரிந்து பெரும் பொருளாதார மந்தம் வந்தது. கறுப்பின மக்கள்தான் இந்த இசைத்தட்டுகளுக்கு வாடிக்கையாளர்கள். சாப்பாட்டுக்கே வழியில்லாதபோது யார் ரிக்கார்டு வாங்குவார்கள்? ஹர்ட் மறுபடி அவலானில் வயலுக்குப் போனார், மாடு மேய்த்தார், கிடைத்த கூலி வேலையைச் செய்தார். வேறு எந்தக் கம்பெனியும் அவரைத் தேடி வரவில்லை. மனைவி ஜெசியோடும் பிள்ளைகளோடும் வாழ்க்கை நடந்தது.

இதற்கிடையில் 1952-இல் ஹாரி ஸ்மித் என்பவர் பழைய 78 சுற்று இசைத்தட்டுகளிலிருந்து 84 பாடல்களைப் பொறுக்கி ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதில் ஹர்ட்டின் பாடல்கள் இரண்டு இருந்தன. நகரத்து இளைஞர்கள் அந்தத் தொகுப்பைப் பாடப் புத்தகம் போலக் கேட்டார்கள். அந்த இரண்டு பாட்டுகளின் சொந்தக்காரர் உயிரோடு இல்லை என்றே பலரும் நினைத்தார்கள்.

1963-இல் வாஷிங்டன் நகரத்து இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் கைக்கு ‘அவலான் ப்ளூஸ்’ பாட்டின் நகல் வந்து சேர்ந்தது. புதிய வரைபடங்களில் அவலானைக் காணோம். 1878-இல் வெளியான ஒரு பழைய நிலப்படத்தில் தேடியபோது, கிரீன்வுட்டுக்கும் கிரெனேடாவுக்கும் நடுவே அந்தப் பெயர் இருந்தது. டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அங்கே காரில் போய் விசாரித்தார். ஊர்க்காரர்கள் வழி காட்டினார்கள். ஏறக்குறைய 70 வயதான ஹர்ட் அங்கேதான் இருந்தார்.

வந்தவரைப் பார்த்து முதியவர் பயந்துபோனார், எஃப்.பி.ஐ. ஆள் என்று நினைத்துக்கொண்டார். பயத்துக்குக் காரணம் இருந்தது. எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை 1955-இல் கடத்திக் கொன்றது கிரீன்வுட் வட்டாரத்தில்தான். 1963-இல் அங்கே கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் நடுங்காது?

ஹர்ட்டிடம் அப்போது சொந்தக் கித்தார்கூட இல்லை. ஹாஸ்கின்ஸ் கொண்டுபோன கித்தாரை வாங்கி வாசித்தார். விரல்களில் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தாலும் அதே நடை, அதே குரல். சந்தேகம் தீர்ந்தது.

அவ்வாண்டு ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவர் பாடல்களைப் பதிவு செய்து வைத்தது. கல்லூரிகள், காபி கிளப்புகள், தொலைக்காட்சி என்று அழைப்புகள் வந்தபடி இருந்தன. பேரன் வயதுப் பையன்கள் காலடியில் உட்கார்ந்து விரல் நகர்வைக் கற்றுக்கொண்டார்கள். ஆனாலும் கடைசிக் காலத்தில் மிசிசிப்பிக்கே திரும்பி, 1966 நவம்பர் 2 அன்று கிரெனேடாவில் காலமானார். அவலானுக்கு அருகே அடக்கம் செய்தார்கள்.

கிடைத்த புகழுக்கு ஆயுள் மூன்றரை வருடம். நடுவில் போன 34 ஆண்டுகளை வீணான காலம் என்று சிலர் எழுதுகிறார்கள். அநியாயம் நடந்தது உண்மை. அந்தத் திறமைக்கு உரிய பணமும் மரியாதையும் இளமையிலேயே கிடைத்திருக்க வேண்டும். ஆனால் 1928 பதிவையும் 1963 பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். சந்தை அவரை மறந்திருந்த காலத்திலும் பாட்டு அவரை விட்டுப் போகவில்லை என்பது புரியும். நம் வயதுக்காரர்கள் ஒரு மாலை நேரத்தில் நிதானமாகக் கேட்க வேண்டிய குரல் அது. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் கைப்பேசியில் தேடி எடுத்துத் தருவார்கள். ‘அவலான் ப்ளூஸ்’ பாட்டிலிருந்தே தொடங்குங்கள்.