பல்தட ஒலிப்பதிவுகளின் இடமாற்றம்: ஒரு வரலாற்று நோக்கு

பாடகரின் குரலையும் ஒவ்வோர் இசைக்கருவியின் ஒலியையும் தனித்தனித் தடங்களிற் பதிந்து, பின்னர் ஒன்றுகலக்கும் முறையே பல்தட ஒலிப்பதிவு. காந்த நாடா ஆட்சி செலுத்திய 1970களில், 2 அங்குல அகலத்தில் 24 தடங்கள் கொண்ட நாடாச் சுருளை வேறொரு கலையகத்துக்கு எடுத்துச் செல்வது பெருஞ் சிக்கலாக இருக்கவில்லை. நாடாவின் தொடக்கத்திற் பதியப்பட்ட சோதனை ஒலிகளைக் கொண்டு அங்குள்ள பொறியைச் சீராக்கினாற் போதும். நாடாவை வெட்டி ஒட்டியிருப்பின் அவ்வொட்டும் கூடவே சென்றது.

கணனி இந்நிலையை மாற்றியது. டிஜிடிசைன் நிறுவனம் 1991இல் வெளியிட்ட புரோ டூல்ஸ் போன்ற மென்பொருள்களில் ஒலி ஒரு கோப்பில் இருந்தது. அவ்வொலியின் எப்பகுதி எக்கணத்தில் எழவேண்டும், எங்கே தேயவேண்டும் என்னும் கட்டளைகள் வேறொரு கோப்பில் இருந்தன. ஒலிக்கோப்புக்குப் பொது வடிவங்கள் விரைவிலேயே அமைந்தன. மைக்ரோசொஃப்ற், ஐ.பி.எம். நிறுவனங்களின் 'வேவ்' வடிவம் 1991இல் வந்தது. கட்டளைக் கோப்போ அவ்வந்நிறுவனத்தின் தனிச்சொத்தாகவே நின்றது. வணிகப் போட்டியில் வாடிக்கையாளரைத் தம்மிடமே நிறுத்திவைக்க இது உதவியது என்பதை மறுத்தல் அரிது.

1990களில் அவிட் நிறுவனம் 'ஓ.எம்.எஃப்.' என்ற பரிமாற்ற வடிவத்தை முன்வைத்தது. படத்தொகுப்பாளரின் மேசையிலிருந்து ஒலிக்கலைஞரிடம் பணியை ஒப்படைப்பதற்கே இது பெரிதும் பயன்பட்டது. இசைத்துறை அதனை இரவல் பெற்றது எனலாம். வெட்டுகளும் அவற்றின் இடங்களும் கடந்து சென்றன. எதிரொலி முதலிய விளைவுகளின் அமைப்புகள் பின்தங்கிவிட்டன. கோப்பின் அளவும் 2 ஜிகாபைற்றைத் தாண்ட இயலவில்லை. பின்னர் வந்த 'ஏ.ஏ.எஃப்.' அளவுத் தடையை நீக்கிற்றேயன்றி, விளைவுகளின் சிக்கலைத் தீர்க்கவில்லை.

ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997இல் வகுத்த ஒலிபரப்பு வேவ் வடிவம் அடக்கமானது. ஒலிக்கோப்பினுள்ளேயே நேர முத்திரையைப் பொறித்தது. ஆயினும் தடம் தன் இடத்தைத் தானே அறிவிக்க அது போதுமாயிற்று. இதனினும் எளிய வழியையே கலைஞர் பலர் நம்பினர்: எல்லாத் தடங்களையும் ஒரே தொடக்கப்புள்ளியிலிருந்து முழுநீளக் கோப்புகளாக எழுதிக் கொடுத்தல். இது எங்கும் திறக்கும். ஆனால் வெட்டுகள் உறைந்துவிடும். முன்னவர் எதை நீக்கினார் என்பதைப் பின்னவர் மீட்டறிய வழியில்லை.

பிட்விக், பிரிசோனஸ் நிறுவனங்கள் 2023இல் 'டோ புரொஜெக்ற்' என்னும் திறந்த வடிவத்தை வெளியிட்டன. 2024இல் கியூபேஸ் 14உம் அதனை ஏற்றது. விளைவு மென்பொருள்களின் அமைப்புகளையும் இது சுமந்து செல்கிறது. பெறுபவரின் கணனியிலும் அதே விளைவு மென்பொருள் இருத்தல் வேண்டும்.